லாரி ஸ்டியரிங் பாக்ஸில் ஆயில் கசிகிறதா? பட்டறைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கொல்லிமலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு கீழே ஜவ்வரிசி மில்லுக்கு ஓடும் ஆறு சக்கர லாரி ஒன்று, ஒரு தை மாதம் நாமக்கல் பக்கம் எங்கள் பட்டறையில் வந்து நின்றது. டிரைவர் இறங்கும்போதே சொன்னார்: "அண்ணே, தினமும் அரை லிட்டர் பவர் ஆயில் ஊத்தறேனுங்க. மூணு தடவை சீல் மாத்தியாச்சு. நிக்கவே மாட்டேங்குது."

மூன்று தடவையும் நல்ல சீல்தான் (ஷாஃப்டைச் சுற்றி ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம்) போட்டிருந்தார்கள். மாட்டிய விதத்திலும் குறை தெரியவில்லை. கோளாறு பாக்ஸுக்கு வெளியே இருந்தது. அதை எப்படிக் கண்டுபிடித்தோம் என்று கீழே வருகிறது. சீல் ஏன் போனது என்று தெரியாமல் புது சீல் மாட்டினால் அந்த வண்டி திரும்பி வரும். இதை மட்டும் மனதில் போட்டுக்கொண்டு மேலே படியுங்கள்.

பாக்ஸுக்குள் என்ன இருக்கிறது

கழற்றும் முன் உள்ளே இருப்பதை மனக்கண்ணில் பார்க்கத் தெரிய வேண்டும். ஸ்டியரிங் வீலிலிருந்து வரும் ராடு, அடியில் ஒரு கிராஸ் (கோணத்திலும் சுற்றும் இணைப்பு) வழியாக பாக்ஸின் இன்புட் ஷாஃப்டைத் திருப்புகிறது. உள்ளே அது வார்ம் ஷாஃப்டாக, அதாவது திருகுப் பள்ளம் வெட்டிய தண்டாக நீள்கிறது. வார்மின் மேல் பிஸ்டன் உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் இடையே உள்ள வழித்தடத்தில் எஃகு குண்டுகள் உருண்டு சுற்றிவருகின்றன. பிஸ்டனின் ஒரு பக்கத்தில் பற்கள் வெட்டியிருக்கும். அந்தப் பற்களில், தானும் பற்கள் உள்ள செக்டார் ஷாஃப்ட் கோர்த்துக்கொண்டு நிற்கிறது. செக்டார் ஷாஃப்டின் வெளி முனையில்தான் ட்ராப் ஆர்ம் என்ற தொங்கும் கை, அதிலிருந்து டிராக் லிங்க் என்ற இழுவைக் கம்பி, அப்புறம் சக்கரம்.

வீலைத் திருப்பியதும் இன்புட் ஷாஃப்டுக்குள் இருக்கும் மெல்லிய டார்ஷன் பார் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். அந்தச் சிறு முறுக்கில் வால்வு திறந்து, பம்பிலிருந்து வரும் ஆயில் பிஸ்டனின் ஒரு பக்கம் பாய்ந்து தள்ளும். லோடு வண்டியை நின்ற இடத்திலேயே திருப்பும்போது இந்த அழுத்தம் 100 பாருக்கு மேல் போவது சர்வசாதாரணம். லாரி டயரில் அடிக்கிற நூற்றுப் பத்து பவுண்டு காற்று 8 பார்கூட வராது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் வீலைக் கடைசிவரை ஒடித்துத்தான் திரும்ப வேண்டும். சமவெளியில் நேராக ஓடும் வண்டியின் சீலும் அந்த வண்டியின் சீலும் ஒரே மாதிரி உழைப்பதில்லை.

ஆயில் போய்விட்டால் ஸ்டியரிங் அறுந்துவிடாது. பற்களுக்கு இடையே உள்ள பிடிப்பு அப்படியேதான் இருக்கும், சக்கரம் திரும்பும். ஆனால் வீல் திடீரென்று கல்லாகக் கனத்துவிடும். நேர் ரோட்டில் சமாளித்துவிடலாம், வளைவின் நடுவில் கனத்தால் டிரைவரின் கை தோற்றுவிடும். இன்னொன்றும் இருக்கிறது. ஆயில் குறைந்து பம்ப் வறண்டு ஓடினால் அது தேய்ந்து, அந்த இரும்புத்தூள் நேராக பாக்ஸின் வால்வுக்குள் போய்விடும். சீலோடு முடிய வேண்டிய செலவு பம்ப், பாக்ஸ் இரண்டுக்கும் சேர்த்து வந்துவிடும். "கசிஞ்சா கசியட்டும், ஊத்திக்கிட்டே ஓட்டு" என்று சொல்கிற முதலாளிகளிடம் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

முதலில் கழுவுங்கள்

கசியும் பாக்ஸைப் பார்த்தால் முழுக்க ஆயிலும் புழுதியும் சேர்ந்து கருப்புக் களிம்பாக அப்பியிருக்கும். அதைப் பார்த்து எங்கே கசிகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஓட்டத்தில் காற்று அடித்து ஆயிலைப் பின்னுக்குத் தள்ளும். மேலே கசிந்தது கீழே வழிந்து ட்ராப் ஆர்ம் பக்கம் சொட்டும். அடிச் சொட்டைப் பார்த்து அடிச் சீலை மாற்றுவதுதான் புதிதாக வருகிறவர்கள் அதிகமாகச் செய்யும் தவறு.

டீசலும் பிரஷும் கொண்டு நன்றாகத் தேய்த்துக் கழுவி, காற்றடித்துக் காய வையுங்கள். இன்புட் ஷாஃப்டின் ரப்பர் உறைக்கு (பூட்) அடியிலும், ஹோஸ் மாட்டும் யூனியன்களைச் சுற்றியும் விடாமல் துடையுங்கள். காய்ந்தபின் டால்கம் பவுடரைப் பாக்ஸ் முழுக்க மெலிதாகத் தூவிவிடுங்கள். எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, ஒருவர் மேலே உட்கார்ந்து வீலை இரண்டு பக்கமும் மெதுவாக ஒடிக்கட்டும். கடைசி ஒடிப்பில் ஐந்து விநாடிக்கு மேல் பிடித்து நிறுத்தக் கூடாது. அப்படிப் பிடித்தால் பம்ப் முழு அழுத்தத்தில் நின்று ஆயில் அளவுக்கு மீறிச் சூடாகிவிடும். நீங்கள் டார்ச் பிடித்துப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். வெள்ளைப் பவுடரில் முதலில் நனைகிற இடம் எதுவோ, அதுதான் ஊற்று. எப்போதும் இருப்பதிலேயே உயரமான ஈரத்தை நம்புங்கள்.

இந்த நேரத்தில் கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்க வேண்டாம். ஹோஸில் ஊசித் துளை இருந்தால் அதில் பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியில் சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே கை அழுகிவிடும். அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சந்தேகமான இடத்துக்கு எதிரே ஓர் அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள், போதும்.

ஆயிலின் நிறத்தையும் கவனியுங்கள். பெரும்பாலான லாரிகளில் பவர் ஸ்டியரிங்குக்கு ஊற்றுவது ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஃப்ளூயிட்), அது சிவப்பு. பாக்ஸின் மேல் வழிவது கருப்பாக, வழவழப்பு அதிகமாக இருந்தால் அது எஞ்சின் ஆயிலாக இருக்கலாம். ஏர் கம்ப்ரசர் பக்கமிருந்து வழிந்து பாக்ஸின் மேல் விழுந்த எஞ்சின் ஆயிலுக்காக ஸ்டியரிங் பாக்ஸை இறக்கியவர்களும் உண்டு.

இடம் சொல்லும் காரணம்

ஹோஸ் யூனியனில் நனைந்தால் அதிர்ஷ்டம். ஹோஸை மாட்டும் துளையுள்ள பாஞ்சோ போல்ட்டில், ஹோஸ் முனையின் இரண்டு பக்கமும் இருக்கும் செம்பு வாஷர்களைப் புதிதாகப் போட்டு முறுக்கினால் வேலை முடிந்தது. பழைய வாஷரையே திருப்பிப் போட்டு இன்னும் பலமாக முறுக்காதீர்கள், ஹவுசிங்கின் மரை போய்விடும்.

இன்புட் ஷாஃப்டில், அதாவது கிராஸ் மாட்டும் இடத்தில் நனைந்தால் நிதானியுங்கள். அந்த சீல் பம்பின் முழு அழுத்தத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. டேங்குக்குத் திரும்பிப் போகும் ரிட்டர்ன் ஆயிலின் சிறு அழுத்தம் மட்டும்தான் அதன்மேல் வரும். அது திரும்பத் திரும்பப் போகிறதென்றால் ரிட்டர்ன் வழியில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டேங்குக்குள் இருக்கும் ஃபில்டர் அடைத்திருக்கலாம், ஹோஸ் மடிந்திருக்கலாம்.

அந்தக் கிழங்கு லாரியில் நடந்தது இதுதான். ஃபில்டரைக் கழற்றினோம், சுத்தமாக இருந்தது. அப்புறம் பாக்ஸிலிருந்து டேங்கு வரை ரிட்டர்ன் ஹோஸை அங்குலம் அங்குலமாகக் கையால் பிடித்துக்கொண்டே போனேன். சேஸிஸ் பிராக்கெட்டுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில், ஹோஸ் குழைந்து தட்டையாக இருந்தது. முன்பு எப்போதோ எஞ்சின் வேலை பார்த்தபோது ஒரு சாண் நீளம் கூடுதலான ஹோஸை மாட்டியிருந்தார்கள். மீதி நீளம் போக இடமில்லாமல் மடிந்து கிளாம்ப்பில் சிக்கியிருந்தது. வண்டி குளிர்ந்திருக்கும்போது ஆயில் எப்படியோ போய்விடும். மலையிறங்கி ஹோஸ் சூடாகி இளகியதும் மடிப்பு அமுங்கிவிடும். போக வழியில்லாத ஆயில் இன்புட் சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தது. சரியான நீளத்தில் ஹோஸ் வெட்டி, நான்காவது சீல் போட்டோம். அந்தக் கிழங்கு சீசன் முழுக்க டேங்கில் ஆயில் குறையவில்லை.

அடியில், ட்ராப் ஆர்முக்கு மேலே நனைந்தால் செக்டார் ஷாஃப்ட் சீல். பல பாக்ஸ்களில் இந்த அறைக்குள் ஒரு பக்கம் ஒடிக்கும்போது முழு அழுத்தமும் வரும். அதனால் ஒரு பக்கம் திருப்பினால் சொட்டும், மறுபக்கம் திருப்பினால் நிற்கும். இந்த சீல் போவதற்கு வயதும் சூடும் காரணமாக இருக்கலாம். சேறும் தண்ணீரும் தூசி சீலைத் தாண்டிப் போய் ஷாஃப்டில் துருக்குழி விழுந்திருக்கலாம். நீடில் பேரிங் தேய்ந்து ஷாஃப்டே ஆடலாம். ஆடுகிற ஷாஃப்டில் எந்த சீலும் நிற்காது. ட்ராப் ஆர்மை மேலும் கீழும் பக்கவாட்டிலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஷாஃப்ட் சீலுக்குள் அசைவது கண்ணுக்குத் தெரிந்தால் பேரிங்கும் சேர்த்து மாற்ற வேண்டும்.

சைடு கவரைச் சுற்றி நனைந்தால் ஓ-ரிங்கோ பேக்கிங்கோ போயிருக்கும். கவரின் நடுவில், பற்களின் நெருக்கத்தைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் போல்ட்டின் லாக் நட் ஓரம் நனைந்தால் யாரோ அதைத் திருகி விளையாடியிருக்கலாம். ஹவுசிங்கிலேயே விரிசல் என்றால் வெல்டிங் வைக்க நினைக்காதீர்கள். பாக்ஸையே மாற்றுங்கள். ட்ராப் ஆர்முக்கும் இதே விதிதான்.

எதைக் கழற்றலாம், எதைத் தொடக் கூடாது

அடிச் சீலைப் பல வண்டிகளில் பாக்ஸை இறக்காமலே மாற்றலாம். சில பாக்ஸ்களில் சீல் உள்பக்கமிருந்து மட்டுமே ஏறும். அப்போது பாக்ஸை இறக்கி, செக்டார் ஷாஃப்டை வெளியே எடுத்தாக வேண்டும். பாக்ஸின் உடலில் ஆணியடித்த சின்னத் தகட்டில் பார்ட் நம்பர் இருக்கும். துடைத்து, போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். வண்டியின் மாடலை மட்டும் சொல்லிக் கேட்டால், ஒரே மாடலில் இரண்டு வகை பாக்ஸ் வந்திருப்பதால் வேறு கிட்டைத் தந்துவிடுவார்கள். சீல்கள் மட்டும் உள்ள கிட் போதுமா, பேரிங்கும் சேர்ந்தது வேண்டுமா என்பது நீங்கள் ஆட்டிப் பார்த்த முடிவைப் பொறுத்தது.

வார்மையும் பிஸ்டனையும் பிரிக்கும் வேலையை முதல் வருடத்தில் தொடாதீர்கள். பிரித்த மாத்திரத்தில் குண்டுகள் உதிர்ந்து ஓடும். எத்தனை குண்டு, எந்த வரிசை, எந்த அளவு என்று தெரியாமல் திருப்பிப் போட்டால் வீல் நடுவழியில் சிக்கிக்கொள்ளும். அந்த வேலையை ஸ்டியரிங் பாக்ஸ் மட்டுமே பார்க்கும் இடத்துக்கு அனுப்புங்கள். அவர்களிடம் அழுத்தம் கொடுத்துச் சோதிக்கும் பெஞ்ச் இருக்கும்.

கழற்றும் முறை

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். சக்கரம் நேராக இருக்கட்டும். முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி, ஸ்டேண்டில் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகிற பழக்கம் எத்தனை வருட அனுபவசாலியிடம் இருந்தாலும் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளாதீர்கள். கேபினைச் சாய்க்கிற வண்டியென்றால் அதன் லாக் விழுந்திருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள்.

டிராக் லிங்கின் கோட்டர் பின்னை எடுத்து, நட்டைக் கழற்றி, பால் ஜாயின்டைப் பிரியுங்கள். ட்ராப் ஆர்ம் நட்டைத் திறக்கும் முன், ஷாஃப்ட் முனையிலும் ஆர்மிலும் நேர்க்கோடாக ஒரு மார்க் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் சென்டர் பஞ்ச்சால் நீங்களே போடுங்கள். ஒரு பல் மாறி ஏறினால்கூட வீல் கோணலாக நிற்கும், ஒரு பக்கம் முழுசாக ஒடியாது.

நட்டைத் தளர்த்தியபின் ஆர்மை எடுக்க புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) மட்டும்தான். பெரிய சுத்தியலால் அடித்தால் அந்த அடி செக்டார் ஷாஃப்ட் வழியாக பேரிங்கிலும் பற்களிலும் இறங்கும். கேஸ் வைத்துக் காய்ச்சினால் சீல் கருகுவது ஒரு பக்கம், ஆர்மின் எஃகு பதம் போய்விடுவது இன்னொரு பக்கம். பதம் போன ஆர்ம் ஓடும்போது உடையலாம். அது உடைந்தால் வீலுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இருக்காது. அதனால் புல்லரை மாட்டி, நன்றாக இறுக்கி, கொஞ்ச நேரம் அப்படியே விடுங்கள். ஊற வைக்கும் ஆயில் அடித்து மீண்டும் கொஞ்சம் இறுக்குங்கள். அவசரப்படாமல் இருந்தால் ஒரு கட்டத்தில் டப்பென்று சத்தம் போட்டுத் தானாக விடும். நட்டை முழுசாக எடுக்காமல் இரண்டு மரை பிடிக்கும்படி விட்டுவைத்தால் ஆர்ம் உங்கள் காலில் விழாது.

பாக்ஸையும் இறக்க வேண்டுமென்றால், ஹோஸ்களைக் கழற்றும்போதே முனைகளில் சுத்தமான பிளாஸ்டிக் மூடியையோ பாலித்தீனையோ இறுக்கிக் கட்டுங்கள். கிராஸுக்கும் இன்புட் ஷாஃப்டுக்கும் சேர்த்து ஒரு கோடு போட்டுக்கொண்டு, கிராஸை ஷாஃப்டோடு இறுக்கிப் பிடிக்கும் பிஞ்ச் போல்ட்டை முழுசாக வெளியே எடுத்துவிட்டு இழுங்கள். இன்புட் ஷாஃப்டின் மேல் சுத்தியல் படவே கூடாது. பாக்ஸ் நல்ல கனம். அடியில் ஜாக்கி கொடுத்து, இரண்டு பேர் இருந்து இறக்குங்கள். இறக்கியதும் சேஸிஸில் அது உட்கார்ந்திருந்த இடத்தைத் துடைத்துப் பாருங்கள். போல்ட் ஓட்டை நீள்வட்டமாகியிருந்தாலோ பிராக்கெட்டில் முடிக்கீறல் இருந்தாலோ அதைச் சரிசெய்யாமல் பாக்ஸை மேலே ஏற்றக் கூடாது.

சீலும் ஷாஃப்டும்

செக்டார் ஷாஃப்டை எடுப்பதானால் முதலில் பாக்ஸை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். இன்புட் ஷாஃப்டை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை சுற்றி எண்ணுங்கள். எண்ணிய மொத்தச் சுற்றில் பாதி அளவு திரும்பி வந்தால் நடு. நடுவில் இருந்தால்தான் செக்டாரின் பற்கள் கவர் வாய் வழியாக வெளியே வரும். சைடு கவர் போல்ட்டுகளை எடுத்துவிட்டு, கவரோடு சேர்த்து ஷாஃப்டை நேராகத் தூக்குங்கள். செக்டாரின் நடுப்பல் பிஸ்டனின் எந்தப் பள்ளத்தில் இருந்தது என்று பார்த்து மார்க் செய்துகொள்ளுங்கள். திரும்பப் போடும்போது அதே பள்ளத்தில் அதே பல் இறங்க வேண்டும்.

பழைய சீலை எடுக்கும் முன் அது எத்தனை மில்லிமீட்டர் ஆழத்தில், எந்த முகம் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று போட்டோ எடுத்துவிடுங்கள். ஸ்க்ரூ டிரைவரை ஷாஃப்டில் படாமல் கொடுத்து நெம்புங்கள். இப்போது ஷாஃப்டில் சீலின் உதடு ஓடிய பளபளப்பான வளையத்தைப் பாருங்கள். கண்ணால் பார்ப்பதைவிடக் கட்டைவிரல் நகம் நன்றாகச் சொல்லும். ஷாஃப்டின் நீளவாக்கில் நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். வளையத்தின் மேல் வழுக்கிக்கொண்டு போனால் ஷாஃப்ட் நல்லது. நகம் ஓரிடத்தில் தட்டி நின்றால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது, ஷாஃப்டை மாற்றுங்கள். லேசான கறை மட்டும் என்றால் 400 நம்பர் எமரி பேப்பரை ஆயிலில் நனைத்து, சுற்றுவட்டமாகத் தேய்க்கலாம். நீளவாக்கில் தேய்த்தால் ஒவ்வொரு கீறலும் ஆயில் வெளியே வர வாய்க்கால் வெட்டியது போலாகும்.

துடைக்க பனியன் வேஸ்ட் வேண்டாம், அதன் நூல்பிசிறு உள்ளே போய் வால்வில் சிக்கும். நான் துவைத்த பழைய வேட்டித் துணிதான் வைத்திருக்கிறேன், பிசிறே வராது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் நானே தனியாக ஓர் அடிச் சீல் மாட்டினேன். எல்லாம் ஒழுங்காகச் செய்தேன் என்று நினைத்தேன். இரண்டே நாளில் வண்டி சொட்டிக்கொண்டு திரும்பி வந்தது. கழற்றிப் பார்த்த மேஸ்திரி அந்தப் புது சீலின் உதட்டை என் கண்ணெதிரே விரித்துக் காட்டினார். முடியளவு ஒரு வெட்டு. ஷாஃப்ட் முனையில் நீளவாக்கில் வெட்டிய ஸ்ப்லைன் பற்களைத் தாண்டி சீலை ஏற்றும்போது அந்தக் கூரான விளிம்பு அறுத்திருக்கிறது. "சீலைக் குழந்தைக்குச் சட்டை மாட்டுற மாதிரி மாட்டணும்டா" என்றார். அன்றிலிருந்து ஸ்ப்லைன் மேல் இன்சுலேஷன் டேப்பை இறுக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி, அதன்மேல் ஆயில் தடவாமல் நான் எந்த சீலையும் ஏற்றுவதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

சீலின் உதட்டில், உள்ளே ஊற்றப்போகும் அதே ஆயிலைத் தடவுங்கள். ஸ்பிரிங் உள்ள முகம் ஆயில் பக்கம், அதாவது பாக்ஸின் உள்பக்கம் பார்க்க வேண்டும். அதற்கு வெளியே மாட்டும், தூசியைத் தடுக்கும் சீலின் உதடு வெளியைப் பார்க்க வேண்டும். சீலின் வெளி விட்டத்துக்குச் சரியாக இருக்கும் பைப் துண்டையோ பெரிய பாக்ஸ் ஸ்பேனரையோ வைத்து, சுற்றிலும் சமமாக இறங்கும்படி தட்டுங்கள். ஓர் ஓரத்தில் உளி வைத்து அடித்தால் சீல் சாய்ந்துவிடும். சாய்ந்த சீலை நிமிர்த்தி உபயோகிக்க முடியாது, தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுங்கள். சீலைப் பிடித்து நிறுத்தும் சர்க்லிப் வளையம் பள்ளத்தில் முழுசாக உட்கார்ந்ததா என்று சுற்றிலும் அழுத்திப் பாருங்கள்.

எல்லாம் மாட்டும்போது ட்ராப் ஆர்ம் நட், பாக்ஸ் போல்ட் இரண்டையும் அந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். கோட்டர் பின் புதிது. லாக் வாஷர் உள்ள இடத்தில் அதுவும் புதிது.

அட்ஜஸ்டர் போல்ட்டின் மேல் கை வைக்கும் முன்

வீலில் ஆட்டம் இருந்தால் உடனே அட்ஜஸ்டரை முறுக்கச் சொல்லுவார்கள். செக்டாரின் பற்கள் நடுவில் நெருக்கமாகவும் இரண்டு ஓரங்களில் தளர்வாகவும் கோர்க்கும்படி செய்யப்பட்டவை. ஓரத்தில் வைத்து ஆட்டத்தை எடுத்தால், நடுவுக்கு வரும்போது பற்கள் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். அப்போது வளைவில் திரும்பிய வீல் தானாக நேருக்கு வராது. டிரைவர் ஒவ்வொரு முறையும் இழுத்துத் திருப்ப வேண்டியிருக்கும். ஆகவே டிராக் லிங்கைக் கழற்றிவிட்டு, பாக்ஸைச் சரியாக நடுவில் வைத்து, ட்ராப் ஆர்மை விரல்களால் ஆட்டிக்கொண்டே அட்ஜஸ்டரைத் திருகுங்கள். ஆட்டம் மறைந்ததும் நிறுத்துங்கள். போல்ட் திரும்பாதபடி பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்குங்கள். இரண்டு பக்கமும் ஒருமுறை முழுக்கத் திருப்பி, நடுவில் இறுக்கம் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆயில் ஊற்றி காற்றெடுத்தல்

பழைய ஆயிலைத் திருப்பி ஊற்றாதீர்கள். வெள்ளைத் துணியில் கொஞ்சம் ஊற்றி வெயிலில் பாருங்கள். மினுமினுப்பு தெரிந்தால் பம்பில் தேய்மானம், அதையும் பார்த்தாக வேண்டும். டேங்கைக் கழுவி, ஃபில்டரைப் புதிதாகப் போட்டு, கம்பெனி சொன்ன ஆயிலை மட்டும் ஊற்றுங்கள். பிரேக் ஆயில் ஒரு சொட்டுகூட உள்ளே போகக் கூடாது, எல்லா சீலும் ஊதிப் பஞ்சாகிவிடும். கசிவை நிறுத்தும் என்று சொல்லி விற்கும் மருந்துகளையும் நான் ஊற்ற விடுவதில்லை. ரப்பரை வீங்க வைத்துச் சில நாள் நிறுத்தும், அப்புறம் நல்ல சீல்களையும் கெடுத்துவிடும்.

முன் சக்கரம் தூக்கியபடியே இருக்கட்டும். டேங்கை நிரப்பி, எஞ்சினைப் போட்டு உடனே நிறுத்துங்கள். மட்டம் இறங்கியிருக்கும், திரும்ப ஊற்றுங்கள். பம்ப் காற்றை உறிஞ்சாதபடி ஒருவர் கேனோடு டேங்கு பக்கத்திலேயே நிற்கட்டும். அப்புறம் ஐடிலில் ஓடவிட்டு, வீலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நிதானமாகத் திருப்புங்கள். கோடியில் பலமாக இழுத்துப் பிடிக்காமல் திருப்பிவிடுங்கள். டேங்கில் குமிழி வந்துகொண்டே இருக்கும். ஆயில் மோர் போல நுரைத்தால் நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் அடங்க விடுங்கள். குமிழி நின்றபின் மட்டத்தைக் குறித்துக்கொண்டு எஞ்சினை நிறுத்துங்கள். மட்டம் 1 அல்லது 2 செ.மீ.க்கு மேல் எழும்பினால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது, மறுபடி திருப்ப வேண்டும்.

சக்கரத்தை இறக்கியபின் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். பல பாக்ஸ்களில் கடைசி ஒடிப்பில் அழுத்தத்தைக் குறைக்கும் சிறு வால்வுகள் இருக்கும். ஆக்சிலில் இருக்கும் ஸ்டாப்பர் போல்ட் முட்டுவதற்குச் சுமார் 3 மி.மீ. முன்பே அவை திறந்து வீல் கனக்க வேண்டும். அப்படித் திறக்காவிட்டால் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் சக்கரம் ஸ்டாப்பரில் மோதி நிற்கும், பம்ப் முழு அழுத்தத்தில் தள்ளிக்கொண்டே இருக்கும். புது சீல் சீக்கிரமே போய்விடும். மலை வண்டிகளில் இதைப் பார்க்காமல் நான் சாவியைத் தருவதில்லை.

ஒப்படைக்கும் முன்

எஞ்சின் ஓடும்போது, சக்கரம் நேராக இருக்க, வீலை இரண்டு விரலால் இப்படியும் அப்படியும் அசைத்து, சக்கரம் நகராத அளவு ஆட்டம் எவ்வளவு என்று பாருங்கள். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-ஆம் விதி, வீலில் 30 டிகிரிக்கு மேல் ஆட்டம் இருக்கக் கூடாது என்கிறது. 45 செ.மீ. வீலில் அது விளிம்பில் கிட்டத்தட்ட 12 செ.மீ. நகர்வு. எஃப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சான்றிதழ்) அது கடைசி எல்லை. என் கணக்கில் அதில் பாதி வந்தாலே கிராஸ், பால் ஜாயின்ட், முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின் எல்லாவற்றையும் ஒருமுறை ஆட்டிப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

முதலில் பட்டறைக்குள்ளேயே, அப்புறம் கூட்டமில்லாத ரோட்டில், மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கை விட்டால் வீல் நேருக்கு வருகிறதா, இரண்டு பக்கமும் ஒரே கனமாக இருக்கிறதா, ஒடிக்கும்போது பம்ப் உறுமுகிறதா என்று கவனியுங்கள். திரும்பி வந்ததும் பாக்ஸைத் துடைத்து மறுபடி பவுடர் தூவுங்கள். ராத்திரி வண்டியை அங்கேயே நிறுத்தி, பாக்ஸுக்கு நேர் கீழே ஒரு வெள்ளை அட்டையைப் போட்டுவைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். காலையில் டிரைவர் வருவதற்கு முன் குனிந்து பாருங்கள். அட்டை காய்ந்திருந்தால் சாவியைக் கொடுக்கலாம். நாலு நாள் லோடு அடித்துவிட்டு ஒருமுறை வந்து ட்ராப் ஆர்ம் நட்டையும் ஆயில் மட்டத்தையும் காட்டிவிட்டுப் போகும்படி டிரைவரிடம் சொல்லுங்கள். சொன்னதோடு விடாமல் அவருடைய நம்பரை வாங்கி வைத்துக்கொண்டு, வரவில்லையென்றால் நீங்களே கூப்பிடுங்கள்.